நிதானமாகச் சொல்லுங்க, அண்ணி

மழை பிடித்துவிட்டால் என் அண்ணி முதலில் செய்கிற காரியம், காம்பரா வீட்டின் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. அடுப்பில் உலை கொதிக்கட்டும், கையில் ரொட்டி மாவு ஒட்டியிருக்கட்டும், தகரக் கூரையில் முதல் சடசடப்புக் கேட்டதும் எழுந்துவிடுவார். கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு கையை எடுத்து முகர்ந்து பார்ப்பார். அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்குத்தான் இடம். அதற்கப்பால் செங்குத்தாக மலை. மலைமேல் மரக்கறிப் பாத்திகள், அதற்கு மேலே தேயிலை. மழை விட்ட பிறகு பார்த்தால் சுவரில் ஐந்து விரலும் மாவுத் தடமாகக் காய்ந்திருக்கும். "என்ன புள்ள, செவுத்துக்குக் காய்ச்சல் எறங்கிருச்சா?" என்று என் அண்ணன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி சத்தம் கொடுப்பார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒட்டி ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட லயம் அது. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டுக்குக் கேட்கும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அண்ணி சரியான பயந்தாங்கொள்ளி. இதை அவரே ஒத்துக்கொள்வார். இடிக்குப் பயம், இருமலுக்குப் பயம், வளைவில் பஸ் சாய்ந்தால் பயம், பிள்ளைகள் இரண்டும் பாடசாலையிலிருந்து வர ஐந்து நிமிடம் பிந்தினால் பயம். கொழுந்தெடுக்கிற இடத்தில் அட்டை கடித்தால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். பிய்த்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார். ஒரு நாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏதோ பழுப்பாக அசைவதைப் பார்த்து, "ஐயோ புலி, புலி" என்று அவர் போட்ட கூச்சலில் முப்பது பெண்கள் கொழுந்துச் சாக்கைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. செடிக்குள்ளிருந்து வெளியே வந்தது, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வளர்த்த நாய். அன்றிலிருந்து அண்ணி வாயைத் திறந்தாலே, "நாயா, புலியா? அத மொதல்ல சொல்லு" என்று கேட்பது தோட்டத்தில் வழக்கமாகிவிட்டது. சீனி வாங்கப் போனால், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர்கூட அப்படித்தான் கேட்பார். அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டார். "சிரிங்க, சிரிங்க. ஒரு நாளைக்கு நெசமாவே வரும், அப்பத் தெரியும்" என்பார்.

நான் அப்போது தலவாக்கலையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து ஆசிரியராகப் போன முதல் பெண் நான்தான். அந்தப் பெருமை என் தலையில் எவ்வளவு ஏறியிருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனால் எனக்கு நியமனம் கிடைத்த நாளிலிருந்து அவர் என்னை "டீச்சர்" என்றும் "வாங்க, போங்க" என்றும்தான் பேசினார். முதலில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பழகிப்போயிற்று. வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. வார இறுதிகளில் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலைமாணிப் பட்டத்துக்குப் படித்தேன். அதன் கடைசிக் கட்டமாக ஒரு ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது.

நான் எடுத்துக்கொண்டது அண்மைக்காலத்தில் வந்த ஒரு மலையக நாவல். பெயரைச் சொல்லப்போவதில்லை. நாவலின் மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றமெல்லாம் அதை வாசித்தவள் மேல்தான். ஒரு தோட்டத்துக் காவல்காரர் கதையைச் சொல்கிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் சொல்வது ஒன்றுதான்: மலை இறங்கப்போகிறது, லயத்தை விட்டு வெளியே வாருங்கள். நடுநடுவே ஆற்றில் ரத்தம் ஓடுகிறது என்கிறார், செத்துப்போன துரை குதிரையில் வருகிறார் என்கிறார், கிணற்றுக்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறார். ஒருவரும் அவரை நம்புவதில்லை. மலை இறங்கியதா இல்லையா என்பதைச் சொல்லாமலே நாவல் முடிந்துவிடுகிறது.

பழைய கிரேக்கர்களிடமிருந்து வந்த சொல்லாட்சிக் கோட்பாட்டை வைத்து இந்த நாவலை ஆராய்வது என் திட்டம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒருவர் மற்றவரை எப்படி இணங்கவைக்கிறார் என்று பார்க்கிற படிப்பு அது. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்த வேளையில் சொல்கிறார், கேட்டவரை என்ன செய்யவைக்கப் பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். சொல்கிற விஷயத்தில் நியாயம் இருந்தால் மட்டும் போதாது, கேட்பவரின் மனம் அசைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சொல்பவர் மேல் நம்பிக்கை வர வேண்டும். நான் இந்தக் கடைசி விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காவல்காரர் பக்கத்துக்குப் பக்கம் பதறுகிறார். பதறப் பதற அவர்மேல் வாசகருக்கு இருக்கிற நம்பிக்கை கரைகிறது. ஆகவே அவரை நம்ப வேண்டாம் என்றுதான் நாவலாசிரியர் நமக்குச் சொல்கிறார். அப்படியென்றால் அந்த மலை? "இந்நாவலில் மலை என்பது மண்ணும் கல்லும் அன்று; தலைமுறை தலைமுறையாகத் தோட்ட மக்களின் மேல் கவிந்திருக்கும் அச்சத்தின் குறியீடே அது" என்று எழுதினேன். என் மேற்பார்வையாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போட்டு, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார். அன்று தலவாக்கலைக்கு வந்து சேரும்வரை பஸ்ஸில் அந்தப் பக்கத்தை நாலு தரம் எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது தையல் மெஷினை மேசையாக்கிக்கொண்டு எழுதினேன். அண்ணன் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை செய்பவர். பகலெல்லாம் உள்ளறையில் சிவப்புப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்குவார். வேலையில்லாத ஒரு பிற்பகலில் அண்ணி என் காலடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அப்பிடி என்னதான் இருக்கு அந்தப் புத்தகத்துல? கொஞ்சம் படிங்களேன், கேப்போம்" என்றார். அண்ணன் விழித்துவிடாதபடி மெதுவாகப் படித்தேன். காவல்காரர் வாசல் வாசலாகப் போய்க் கதவைத் தட்டுகிற அத்தியாயம். அண்ணியின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. "ஐயய்யோ, அப்புறம்? வந்தாங்களா?" என்றார். வரவில்லை என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாடம் நடத்த ஆரம்பித்தேன். அந்த ஆளை நம்பக் கூடாது அண்ணி, அவர் பயந்த சுபாவம், எழுதினவரே அவரை நம்பவில்லை, மலை என்பது நிஜமான மலை இல்லை, அது ஒரு குறியீடு என்றேன். அண்ணி ஒரு கீரைத் தண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டே யோசித்தார்.

"அவரு பயந்த ஆளுன்னே வச்சுக்குவோம் டீச்சர். அவரு பயந்தாருங்கிறதுக்காக மல எறங்காம நிக்குமா?"

நான் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். அன்று மாலையே அவரை ஆய்வேட்டில் சேர்த்துவிட்டேன், பெயரில்லாமல், ஒரு அடிக்குறிப்பில். "பயிற்சியற்ற வாசகர் குறியீட்டை நேர்ப்பொருளாகக் கொண்டு மயங்குவதுண்டு, தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்ணின் எதிர்வினை இதற்குச் சான்று." அண்ணி அதை ஒருநாளும் வாசிக்கப்போவதில்லை என்ற தைரியம் எனக்கு. எழுதி முடித்துவிட்டு அவர் சமைத்த கீரைக் கறியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த வருடம் ஆனி பிறந்ததும் பிடித்த மழை விடவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அரை நாள் வேலையை விட்டுவிட்டு, நனைந்த சேலையோடு அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றார். தனியாகத் தலவாக்கலைக்கு பஸ் ஏறி வந்தது அதுதான் முதல் தடவை. வளைவுகளுக்குப் பயந்து வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம். கட்டிலில் உட்காரச் சொன்னால் நனைந்துவிடும் என்று தரையில் உட்கார்ந்தார்.

"பின்கதவு சாத்த மாட்டேங்குது டீச்சர். நெலை கோணிப்போச்சு. மலையிலருந்து பீலியில விழுற தண்ணி செவப்பா வருது. மேல கேரட் பாத்தியில நீட்டா வெடிச்சிருக்கு. கொடைய விட்டுப் பாத்தேன், பிடி வரைக்கும் எறங்குது. ஐயோ, எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

போனை நீட்டினார். படத்தில் கேரட் இலைகளுக்கு நடுவே அவருடைய கறுப்புக் குடையின் பிடி மட்டும் வெளியே தெரிந்தது. கங்காணியிடம் சொல்லியிருக்கிறார், அவர் "நாயா, புலியா?" என்று கேட்டிருக்கிறார். கண்டாக்கு ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். ஆபிசில் சொல்கிறேன் என்றிருக்கிறார். கிராம சேவகரைத் தேடிப் போயிருக்கிறார். அவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றிருக்கிறார்கள். அண்ணனிடம் சொன்னதற்கு, "ஒனக்கு மழ வந்தாலே இப்பிடித்தான்" என்று போர்வையை இழுத்துக்கொண்டாராம்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல கூட்டம் இருக்கு. திருவிழா விசயமா எல்லாரும் வருவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர். மழ விடுற வரைக்கும் எல்லாரும் பள்ளிக்கூடத்துல போய் இருப்போம்னு. நான் சொன்னா சிரிப்பாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. கட்டட வேலைக்கும் மண்ணுக்கும் எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், ஒரு முழுக் குடை இறங்குகிற வெடிப்பு என்றால் என்ன என்று எந்த மலையகத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆய்வேட்டை அடுத்த புதன்கிழமை கையளிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுதும் உசாத்துணை நூற்பட்டியலைத் திருத்துவதற்கென்று வைத்திருந்தேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அதை அன்று நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. நான் போய்ச் சொல்லி, ஜனங்கள் மூட்டை முடிச்சைக் கட்டி, பிறகு ஒன்றும் நடக்காமல் போனால் என்னையும் "நாயா, புலியா?" என்று கேட்பார்களே என்று பயந்தேன். டீச்சர் என்று கூப்பிட்டவர்களின் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அதனால் வேலை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வருடமாகப் படித்த கோட்பாடு சும்மா இருக்கவிடவில்லை.

"நீங்க பதறிப் பதறிச் சொல்றதுனாலதான் அண்ணி யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நிதானமாச் சொல்லுங்க. கைய ஆட்டாதீங்க. ஐயோன்னு சொல்லாதீங்க. பாத்தத மட்டும் ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லுங்க. அழுதுறாதீங்க. கடைசியில, யோசிச்சு ஒரு முடிவு எடுங்கன்னு சொல்லிட்டு உக்காந்துருங்க. நம்புவாங்க."

ஜன்னலோரம் அவரை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தேன். முதல் தடவை பாதியிலேயே அழுதுவிட்டார். இரண்டாவது தடவை "ஐயோ" இரண்டு முறை வந்தது; ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைத் திருத்துகிற மாதிரித் திருத்தினேன். மூன்றாவது தடவை ஒரு பிசகு இல்லை. என் மாணவர்களில் பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். "இவ்வளவு லேசா டீச்சர் இது? இத்தன வருசமாத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு, தெம்பாகத்தான் பஸ் ஏறினார்.

அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை என்றாலும் அதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி போனில் எடுத்து வைத்திருந்தாள். கோயில் மண்டபத்தில் ஈரக் குடைகள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. தேருக்குப் பூ எங்கே வாங்குவது என்று பேசி முடித்தபின் அண்ணி எழுந்திருக்கிறார். யாரோ "புலி வந்திருச்சு" என்கிறார்கள், சிரிப்பு. அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளைக் கோத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நிற்கிறார். பிறகு பேசுகிறார். கதவு நிலை கோணியது ஒன்று. பீலித் தண்ணீர் நிறம் மாறியது இரண்டு. பாத்தியில் வெடிப்பு மூன்று. குரல் உயரவில்லை, கை அசையவில்லை. "எல்லாரும் யோசிச்சு ஒரு முடிவு எடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்கிறார். "அடேயப்பா, நம்ம வீட்டுல பேசுறதா இது!" என்று அண்ணனின் குரல் பெருமையோடு கேட்கிறது. அண்ணி போனைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். அதற்குப் பிறகுதான், படத்தில் தெரியாத ஒரு பெண்ணின் குரல் வருகிறது. "இவளே பதறாமப் பேசுறான்னா பெருசா ஒண்ணும் இருக்காது." ஆமாம் ஆமாம் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கிராம சேவகர் வரட்டும், அவரிடம் சொல்லிக்கொள்வோம் என்று கங்காணி முடித்துவைக்கிறார். பேச்சு மறுபடியும் தேருக்குப் போய்விடுகிறது.

எத்தனையோ முறை அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தபின்தான் எனக்கு விளங்கியது. முன்பின் தெரியாத கூட்டத்தின் முன்னால் நிற்கிற ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை நான் அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த மண்டபத்தில் இருந்தவர்களோ அவரைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்தவர்கள். சிரிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அண்ணி இடிக்குக் கத்தினால் ஆட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டுத்தான் சிரிப்பார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று அலறினால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டுதான் கேலி செய்வார்கள். ரேடியோவில் வானிலை கேட்கிற மாதிரி அவருடைய கூச்சலைக் கேட்டுப் பழகியிருந்தார்கள். அந்த ஒரு நாள் மட்டும் கூச்சல் வரவில்லை. யாரிடம் சொல்கிறார் என்பதுதான் நான் படித்ததில் இரண்டாவது கேள்வி, அதை நான் கேட்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மலை இறங்கியது. பிள்ளைகள் பாடசாலையில், பெண்கள் எதிர்ப்பக்கத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் மற்ற எல்லாரும் தப்பினார்கள். மண்ணுக்குள் போனவர்கள் நாலு பேர்: நடக்க முடியாத ஒரு தாத்தா, காய்ச்சலில் கிடந்த ஒரு பெண், அவளுடைய கைக்குழந்தை, இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் அண்ணன். நான் எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதக் கற்பித்துக்கொண்டிருந்தபோது அதிபர் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது முதல் ஐந்து காம்பராக்கள் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. அதன் மேல் கேரட் செடிகள் அப்படியே நிமிர்ந்து நின்றன. ஆட்கள் மண்வெட்டியோடு ஓடினார்கள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணி மட்டும் மண்ணின் ஓரத்தில், கொழுந்துச் சாக்கு முதுகில் தொங்க, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார். அருகில் போய்க் கையைப் பிடித்தேன். "உள்ளறையில இருக்காரு டீச்சர். எடது பக்கமாத் தோண்டச் சொல்லுங்க" என்றார், ஜன்னலோரத்தில் பேசிக் காட்டிய அதே குரலில். நான் ஓடிப்போய் மண்வெட்டிக்காரர்களுக்கு இடது பக்கத்தைக் காட்டினேன்.

மறுநாள் மதியம் அண்ணனை எடுத்தார்கள். சிவப்புப் போர்வை அவர்மேலேயே இருந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில், எனக்கு உதவி செய்வதாக நினைத்து, தோழி ஒருத்தி என் ஆய்வேட்டைக் கட்டி முடித்துக் கையளித்துவிட்டாள். சில மாதம் கழித்து வாய்மொழிப் பரீட்சை நடந்தது. அந்த மலை நிஜமான மலையாகவும் இருக்கலாம் அல்லவா என்று பரீட்சகர் ஒருவர் மரியாதையாகக் கேட்டார். "நிஜமான மலைதான் சேர். நான் எழுதினது பிழை" என்றேன். என் வீட்டில் நடந்தது அவர்களுக்குத் தெரியும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வேறு கேள்வி கேட்கவில்லை, நல்ல புள்ளி போட்டு அனுப்பினார்கள். அடிக்குறிப்பை எடுத்துவிட முடியுமா என்று நூலகத்தில் கேட்டேன். சேர்த்த பிரதியில் கை வைக்க முடியாது என்றார்கள்.

இப்போது அந்தக் குடும்பங்களுக்குக் கீழே பாதையோரம் புது வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னாலும் ஒரு மேடு இருக்கிறது. மலைநாட்டில் மேடில்லாத இடத்துக்கு எங்கே போவது? அண்ணி இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறார். அவரை இப்போது யாரும் கேலி செய்வதில்லை, அவரும் யாரையும் பதறவைப்பதில்லை. சீனி முடிந்துவிட்டது என்பதையும், பெரியவளுக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று என்பதையும் ஒரே குரலில் சொல்கிறார். இடி விழுந்தால் தலையைக்கூடத் தூக்குவதில்லை. பயம் முழுவதும் இடம் மாறி என்னிடம் வந்துவிட்டது. மழை இருட்டினால் எனக்கு வகுப்பில் நிற்க முடிவதில்லை. போன் அடித்தால் பயம், ஏனென்றால் அவர் பேசுகிற விதத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

இந்த வருட மழையில், ஒரு காலைப் பொழுது, ஆசிரியர் அறையில் இருந்தபோது கூப்பிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டதைச் சொன்னார். சேவல் ஒன்று காணாமல் போனதைச் சொன்னார். "வீட்டுக்குப் பின்னால மேட்டுலருந்து தண்ணி கொஞ்சம் செவப்பா வருது டீச்சர். சரி, வச்சிரவா?" என்றார்.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. முச்சக்கரவண்டி பிடித்துப் போய்ப் பாதையில் இறங்கினேன். இறங்கியதும் கத்த ஆரம்பித்துவிட்டேன். ஐயோ என்றேன், கையை ஆட்டினேன், கதவு கதவாகப் போய்த் தட்டினேன், வாங்க வெளிய வாங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். கொண்டை அவிழ்ந்துவிட்டது, அழுகையும் வந்துவிட்டது. சில பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. டீச்சர் இப்படிக் கத்தி அவர்கள் பார்த்ததே இல்லை. பதினெட்டு வீட்டுக்காரர்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்துவிட்டார்கள்.

மூன்று நாள் அங்கே இருந்தோம். அதிகாரிகள் வந்து மேட்டைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஆபத்தில்லை, ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும் என்றார்கள். மேடு இறங்கவில்லை. கடைக்கார நானா என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், நாயா, புலியா?" என்று கேட்டே விட்டார். நாய்தான், நானா; நாயாகவே இருக்கட்டும் என்றேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்க அண்ணியும் நானும் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம். வெளியே மழை விட்டிருந்தது. இத்தனை வருடத்தில் அண்ணி அந்தக் கோயில் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"டீச்சர், அன்னைக்கு நானும் இப்பிடிக் கத்தியிருந்தா வந்திருப்பாங்களா?"

கத்தியைக் கீழே வைத்தேன். தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"வந்திருப்பாங்க அண்ணி. நான்தான் உங்களக் கத்த விடல."

அண்ணி கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்துத் தண்ணீரில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"அவரு வந்திருக்க மாட்டாரு. நைட் வேல முடிச்சிட்டு வந்து படுத்தா, நான் எவ்வளவு கத்தினாலும் எந்திரிக்கவே மாட்டாரு. எல்லாரையும் விட அவருதான் கூடுதலாச் சிரிப்பாரு."

நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா, இல்லை, என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் குரலிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்படிப் பேச அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.